திருத்தம் எண் நான்கு

மஸ்கட்டிலிருந்து வாட்ஸப்பில் வந்தது வீடு.
பள்ளிவாசல் தெரு ஜெராக்ஸ் கடையில்
முப்பது ரூபாய்க்குத் தாளில் இறங்கியது.
மகனின் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை வைத்து
மூலையில் போட்டிருந்த கணக்குப்படி
அன்றிரவே அளந்தேன்.
ஹால் ஒன்பதடி. அடுப்படி ஐந்தடி.
குளியலறையில் ஆள் நுழைந்தால் வாளி நுழையாது.
போனில் அழாத குறை.
கடைப் பையன் தாளுக்கு அடங்கச்
சுருக்கி எடுத்திருக்கிறான் என்பது
மறுநாள்தான் தெரிந்தது.
ஓரத்தில் பொடி எழுத்தில் எச்சரிக்கையும் இருந்தது:
அளந்து பார்க்க வேண்டாம், எழுதிய எண்ணைக் கொள்ளவும்.
எங்கள் நிக்காஹ் தஃப்தரிலும்
இப்படி ஒரு வரி போட்டிருக்கலாம்.

வீட்டுப் படத்தின் மேல்
கரண்டுக்கு இன்னொரு படம்.
வட்டத்துக்குள் பெருக்கல் குறி, விளக்கு.
நாலு இதழ், ஃபேன்.
அரைவட்டத்தில் முளைத்த கோடு, ப்ளக்.
சுவரைப் பிடித்துத் தொங்கும் கொக்கி, சுவிட்ச்.
கொக்கியிலிருந்து விளக்குவரை
எறும்புச் சாரையாய் ஒரு புள்ளிக்கோடு.
விரலை வைத்து ஒவ்வொரு சாரையாகத் தொடர்ந்தேன்.
அடுப்படி விளக்கின் எறும்புகள்
ஹால் சுவரில் போய் நின்றன.
நான் மீன் அரிந்துகொண்டிருக்கையில்
டிவி பார்க்கும் யாரோ என்னை அணைத்துவிடலாம்.
சிவப்பு மையில் அடித்தேன்.

அடுப்படிக்கு ப்ளக் இரண்டாம்.
மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், ஃபில்டர்,
அவர் பேசும் நேரத்தில் என் போன்.
வரைந்தவர் டீ மட்டும் போடுகிறவர் போல.

படுக்கையறைக் கதவு திறக்கும் கால்வட்டம்
பார்க்க அழகுதான்.
திறந்த கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது சுவிட்ச்.
இருட்டுக்குள் போய்
கதவைச் சாத்திவிட்டு
வெளிச்சத்தைத் தேட வேண்டும்.
அதையும் அடித்தேன்.

ப்ளக் எல்லாம் தரையிலிருந்து முந்நூறு மில்லிமீட்டர்.
ஓரடி.
வரைந்தவர் அனந்தகுமாருக்குக் கோயம்புத்தூர்.
அங்கே தண்ணீர் குழாயில்தான் வருமாம்.
கூத்தாநல்லூரில் ஐப்பசி பிறந்தால்
வாய்க்கால் ஸலாம்கூடச் சொல்லாமல்
வீட்டுக்குள் வந்து உட்காரும்.
வாடகை வீட்டில் ஃபிரிட்ஜ் மிதந்ததைப் பார்த்தவள் நான்.
"தளத்தை மூணடி ஏத்தியாச்சே" என்றார்.
ரோட்டையும் ஏத்துறாங்களே மச்சான்,
ஒவ்வொரு தடவை போடும்போதும் ஒரு சாண்.

குறிகளின் பட்டியலில் தண்ணீருக்குக் குறி இல்லை.
நானே ஒன்று போட்டேன்,
எல்லாச் சுவரையும் சுற்றி நீல நெளிகோடு.
திருத்தம் மூன்றில் அதன் பக்கத்தில்
அனந்தகுமார் கேட்டிருந்தார்:
"கர்ட்டன் கம்பியா மேடம்?"
வாடகை வீட்டுச் சுவரில்
மூன்று முறை வெள்ளையடித்தும் போகாத வண்டல் கறையை
போட்டோ எடுத்து அனுப்பினேன்.
பக்கத்தில் மகன். கறை அவன் இடுப்பில்.
பதில் இல்லை.
திருத்தம் நான்கில்
அரைவட்டங்கள் நின்ற இடத்திலேயே நின்றன,
பக்கத்து எண் மட்டும்
ஆயிரத்து இருநூறுக்கு ஏறியிருந்தது.

இன்று காடி வெட்டும் மிஷின்.
செங்கல் புழுதியில் எல்லோரும் ஒரே நிறம்.
ஆரோக்கியதாஸ் தாளை சிமெண்ட் மூட்டைமேல் விரித்து
"அக்கா, கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் டூ-வே கேட்டிருக்கு.
சார் வர்ற ரெண்டு மாசத்துக்கா?
ஒண்ணு போதும், வயர் மிச்சம்" என்றார்.
குனிந்து பார்த்தேன்.
என் சிவப்பு மை இல்லை.
மஸ்கட்டிலிருந்து வந்த முதல் தாளைத் தேடி எடுத்தேன்.
அதிலேயே இருந்தது.
ஒரே விளக்குக்கு இரண்டு கொக்கிகள்,
தலைமாட்டைச் சுற்றிவரும் ஒரு சாரை.
வீடு முழுக்கத் தப்பு தேடிய விரல்
அதைத் தாண்டிப் போயிருக்கிறது, நாலு முறை.

"இருக்கட்டும்" என்றேன்.
"அப்ப எடத்தைக் காட்டுங்க."
சாக்பீஸை வாங்கி
என் பக்கம் ஒரு புள்ளி வைத்தேன்.
அந்தப் பக்கம் வைக்கும்முன்
படுத்தபடி நீட்டினால் அவர் கை
எதுவரை எட்டும் என்று
கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருந்தது.